தபால் பையில் வளர்ந்த கட்சிகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த இதழின் பொருள், அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தில் அரசியல் தலைவர்கள் எழுதிய கடிதங்களும் அவற்றால் மூண்ட கட்சிச் சண்டைகளும். அன்று பத்திரிகையில் அரசியல் எழுதியவர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரைப் போடமாட்டார்கள். அதனால் வாசகர்களையும் புனைபெயரிலேயே கேட்கச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் வடசென்னைக் கடிதங்கள்.

மூலக்கொத்தளத்தான், பழைய வண்ணாரப்பேட்டை: ஜெபர்சன் கட்சியின் பெயர் ‘ரிபப்ளிகன்’ என்று போட்டிருக்கிறதே, இன்று யானைச் சின்னம் வைத்திருக்கும் கட்சியா அது? படிப்பகத்தில் இதை வைத்து ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

அது வேறு, இது வேறு. யானைக்காரர்கள் 1854-இல் பிறந்தவர்கள். பின்னாளில் அதிபர்களான ஜெபர்சனும் மேடிசனும் 1790-களில் ஆள் திரட்டிய அணி தன்னை ரிபப்ளிகன் என்று சொல்லிக்கொண்டது. குழப்பம் வேண்டாமென்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் ‘ஜனநாயகக் குடியரசுக் கட்சி’ என்று பெயரை நீட்டினார்கள். எதிரணி ஹாமில்டன், இரண்டாவது அதிபரான ஆடம்ஸ் ஆகியோரின் ஃபெடரலிஸ்ட் கட்சி. 1816-க்குப் பிறகு அதிபர் தேர்தலுக்கு ஆள் நிறுத்தக்கூட அதற்குத் தெம்பில்லை.

படிப்பகத்தில் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்த இரண்டு அணிக்கும் உறுப்பினர் அட்டை கிடையாது, கொடி கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாது. ‘கட்சி’ என்பதே அன்று கெட்ட வார்த்தை. தங்களைக் கட்சிக்காரர் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. யார் யாருக்குக் கடிதம் போடுகிறார் என்பதுதான் உறுப்பினர் பட்டியல்.

டீக்கடை பெஞ்சு, வியாசர்பாடி: ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டே ஜெபர்சனும் ஹாமில்டனும் ஆளுக்கொரு பத்திரிகை வைத்துத் திட்டிக்கொண்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். அதுவும் கொஞ்சம் அரசாங்கக் காசில்.

ஜான் ஃபென்னோ என்பவர் 1789-இல் ‘கெஸட் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நிதித்துறைச் செயலர் ஹாமில்டனின் புகழ் பாடுவது அதன் வழக்கம். நிதித்துறையின் அச்சு வேலை ஃபென்னோவுக்குப் போனது. வெளியுறவுச் செயலர் ஜெபர்சனுக்கு இது பொறுக்கவில்லை. மேடிசனோடு சேர்ந்து, கவிஞர் ஃபிலிப் ஃப்ரெனோவைத் தலைநகர் ஃபிலடெல்ஃபியாவுக்கு வரவழைத்தார். வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பு எழுத்தர் வேலை, ஆண்டுக்கு 250 டாலர். சம்பளம் குறைவுதான், ஆனால் வேலையும் மிகக் குறைவு, வேறு தொழிலுக்கு இடைஞ்சல் வராது என்று ஜெபர்சனே அவருக்கு எழுதினார். அந்த வேறு தொழில்தான் 1791 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘நேஷனல் கெஸட்’.

1792 ஜூலையில் ஃபென்னோவின் பத்திரிகையில் இரண்டே எழுத்துப் புனைபெயரில் சிறு குறிப்பு ஒன்று வந்தது. நேஷனல் கெஸட் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருவது மொழிபெயர்க்கவா, அரசைத் திட்டவா என்று அது கேட்டது. எழுதியவர் ஹாமில்டன். ஜெபர்சன் தன் பத்திரிகைக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை என்று ஃப்ரெனோ நகர மேயர் முன் சத்தியப் பத்திரம் கொடுத்தார். அது பொய்யில்லை. ஜெபர்சன் தன் கையால் எழுத மாட்டார், எழுதுகிறவர்களைத் தூண்டுவார். மேடிசனுக்கு 1793 ஜூலையில் போட்ட கடிதத்தில், பேனாவை எடுத்து ஹாமில்டனின் வாதங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் துண்டு துண்டாக வெட்டும்படி கெஞ்சுகிறார். ஹாமில்டன் ‘பசிஃபிகஸ்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். மேடிசன் ‘ஹெல்விடியஸ்’ என்ற பெயரில் பதில் கொடுத்தார்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அதிபர் வாஷிங்டன். 1792 ஆகஸ்ட் 23 அன்று ஜெபர்சனுக்கும் 26 அன்று ஹாமில்டனுக்கும், சண்டையை நிறுத்துங்கள் என்று எழுதினார். இருவரின் பதிலும் ஒரே தேதியில், செப்டம்பர் 9. அண்மையில் சில பதிலடிகளில் தனக்குப் பங்குண்டு என்று ஹாமில்டன் ஒப்புக்கொண்டு, உடனே நிறுத்த முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஜெபர்சன் தான் ஒன்றும் எழுதவில்லை என்று பக்கம் பக்கமாக விளக்கினார். எங்களுக்கு என்னவோ ஹாமில்டனின் பதில்தான் நேர்மையானதாகப் படுகிறது. இதற்காக ஜெபர்சன் ரசிகர்கள் எங்களைத் திட்டி எழுதலாம், புனைபெயரில்.

துட்டுக்காரன், தண்டையார்பேட்டை: அந்தக் காலத்துல ஒரு லெட்டர் போட எவ்ளோ துட்டு ஆகும்?

போடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாங்குகிறவர்தான் கட்டுவார். 1792 பிப்ரவரி 20-ஆம் தேதி தபால் சட்டத்தின்படி ஒரு தாள் கடிதத்துக்கு 30 மைல் வரை 6 சென்ட், 60 வரை 8, 100 வரை 10, 150 வரை பன்னிரண்டரை. இப்படியே ஏறி, 450 மைலைத் தாண்டினால் 25 சென்ட். கணக்கு எடையில் இல்லை, தாளில். இரண்டு தாள் வைத்தால் இரட்டிப்பு, மூன்று வைத்தால் மும்மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் உறையே கிடையாது. பெரிய தாளை இரண்டாக மடித்து நான்கு பக்கமாக்கி, மூன்றில் விஷயம், நான்காவதன் நடுவில் முகவரி. பிறகு ஓரங்களை உள்ளே சொருகி அரக்கு வைப்பார்கள்.

பத்திரிகைக்கு 100 மைல் வரை 1 சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னொரு ஆசிரியருக்குத் தன் பத்திரிகையை அனுப்பினால் இலவசம். சட்டத்தில் எங்கோ கிடக்கும் இந்தச் சிறு விதிதான் கட்சி அரசியலுக்குச் சோறு போட்டது. ஃபிலடெல்ஃபியாவில் வந்த வசவு சில நாளில் பாஸ்டனில் அச்சாகும், சில வாரத்தில் தெற்கே சார்ல்ஸ்டனில். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினர்களுக்கும் கூட்டத்தொடர் நாட்களில் தபால் செலவு இல்லை, முகவரிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். தொகுதிக்குச் சுற்றறிக்கை அச்சடித்து அனுப்பப் பலரும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அரக்கு, கொருக்குப்பேட்டை: அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்க மாட்டார்களா? எப்படித் தடுத்தார்கள்?

பிரித்தார்கள், அல்லது பிரிப்பதாக எல்லாரும் நம்பினார்கள். கடிதம் ஒட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, மாவில் செய்த மெல்லிய வட்டு, நனைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஆவி காட்டினால் கழன்றுவிடும். இன்னொன்று அரக்கு. அதைச் சூடான மெல்லிய கத்தியால் கிளப்பி மறுபடி ஒட்டலாம், ஆனால் முத்திரையின் பதிவு மழுங்கிவிடும். அதனால்தான் 1799 ஜனவரியில் ஜெபர்சன், தன் கடிதம் வந்தால் முத்திரையையும் அதன் அழுத்தத்தையும் சோதித்துப் பார்க்கும்படி மேடிசனிடம் கேட்டுக்கொண்டார். அப்போது அவர் துணை அதிபர். நாட்டின் இரண்டாவது பெரிய பதவியில் இருப்பவருக்கே தபாலில் நம்பிக்கை இல்லை! சில கடிதங்களில் கையெழுத்தே போடமாட்டார். முக்கியமானவற்றை ஊருக்குப் போகும் நம்பகமான ஆளிடம் கொடுத்தனுப்புவார்.

மறைகுறியும் உண்டு. சொல்லுக்கும் அசைக்கும் ஓர் எண் வீதம் எழுதிய பட்டியல் இரு தரப்பிடமும் இருக்கும். கடிதம் முழுவதையும் எண்ணில் எழுத நேரமாகும் என்பதால் பெயர்களையும் ஆபத்தான வரிகளையும் மட்டும் மாற்றுவார்கள். அதுவே பலவீனம். முன்னும் பின்னும் வெளிப்படையாக இருந்தால், நடுவில் இருப்பது யார் பெயர் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் படிப்பவருக்கும் புரியாது.

கணிதப் பேராசிரியர் ராபர்ட் பேட்டர்சன் 1801 டிசம்பரில் அதிபர் ஜெபர்சனுக்கு அனுப்பியது வேறு வகை. செய்தியை இடைவெளி விடாமல் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக எழுத வேண்டும். பிறகு குறுக்கு வரிகளை அதிகபட்சம் ஒன்பது வீதம் பிரித்து, வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சில பொய் எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். திறவுகோல் இரட்டை எண்களாக இருக்கும். முதல் இலக்கம் எந்த வரி என்றும், இரண்டாவது எத்தனை பொய் எழுத்து என்றும் சொல்லும். அவர் அனுப்பிய மாதிரி 2007-இல்தான் உடைந்தது. உள்ளே இருந்தது ஜெபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தின் முகப்பு வரிகள்.

ஏழுகிணறு, ஜார்ஜ் டவுன்: ஜெபர்சனை மிகவும் சங்கடப்படுத்திய கடிதம் எது?

1796 ஏப்ரல் 24 அன்று இத்தாலியில் இருந்த பழைய அண்டைவீட்டுக்காரர் ஃபிலிப் மட்சேயிக்கு எழுதியது. முக்கால்வாசி அவருடைய சொத்துக் கணக்கு. ஒரே ஒரு பத்திதான் அரசியல். போர்க்களத்தில் சாம்சனாகவும் ஆலோசனை மன்றத்தில் சாலமோனாகவும் இருந்தவர்கள் இங்கிலாந்து என்ற வேசியிடம் தலைமயிரைப் பறிகொடுத்துவிட்டார்கள் என்று அதில் ஒரு வரி. பைபிள் தெரிந்த எவருக்கும் அது வாஷிங்டனைக் குத்துவதாகத்தான் படும்.

மட்சேயி அதைப் பிறருக்குக் காட்டினார். ஃப்ளாரன்ஸில் இத்தாலிய மொழியில் வந்தது, பாரிஸில் பிரெஞ்சில் வந்தது, 1797 மே மாதம் நியூயார்க்கின் ‘மினர்வா’ பத்திரிகையில் மறுபடி ஆங்கிலமாகி வந்தது. மூன்று மொழி சுற்றியதில் ஒரு சொல் புரண்டுவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் ‘சடங்குகளை’, அதாவது தர்பார், பிறந்தநாள் விழா போன்றவற்றை, இங்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்று ஜெபர்சன் எழுதியிருந்தார். பன்மை ஒருமையாகி, ஆட்சியின் ‘வடிவத்தையே’ என்று ஆகிவிட்டது. மறுக்கலாம் என்றால் பெரும்பகுதி அவருடைய வார்த்தை. திருத்தம் கொடுத்தால் மீதி முழுவதையும் ஒப்புக்கொண்டதாகும். மேடிசனுக்கு இந்தச் சிக்கலை விளக்கி எழுதிவிட்டு, வெளியில் வாயே திறக்கவில்லை. வாஷிங்டனோடு இருந்த உறவு அத்தோடு முடிந்தது.

உங்கள் பேட்டைக்காக ஓர் உபரித் தகவல். மினர்வா ஆசிரியர் நோவா வெப்ஸ்டர், பிற்பாடு அகராதி தொகுத்தவர், படித்தது யேல் கல்லூரியில். அந்தப் பெயர், உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேலுடையது.

கட்டுமரம், காசிமேடு: இன்னாதான் அமெரிக்காக் கதை சொன்னாலும் நம்ம கடலுக்குச் சம்பந்தம் இல்லாமலா இருக்கும்?

இருக்கிறது. இரண்டு அணிகளையும் முழுசாகப் பிரித்துவிட்ட சண்டையே ஜே உடன்படிக்கைதான். 1794 நவம்பர் 19 அன்று லண்டனில் ஜான் ஜே பிரிட்டனோடு கையெழுத்திட்டார். செனட் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து, 1795 ஜூன் 24 அன்று 20-க்கு 10 என்று ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒரு வாக்குக் குறைந்திருந்தால் கதை முடிந்தது. செனட்டர் ஸ்டீவன்ஸ் தாம்சன் மேசன் தன் பிரதியை ‘அரோரா’ பத்திரிகை ஆசிரியர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஷ் கைக்குப் போகவிட்டார். ஜூலை 1-க்குள் துண்டுநூல் தயார். கட்டைத் தூக்கிக்கொண்டு பாஷ் தானே கோச்சு வண்டியில் பாஸ்டன் வரை போய் விற்றார். ஹாமில்டன் உடன்படிக்கையை ஆதரித்து ‘கமிலஸ்’ என்ற பெயரில் 38 கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். அதில் 10 ரூஃபஸ் கிங் எழுதியவை. ஜெபர்சன் மறுபடி மேடிசனிடம், பேனாவை எடுங்கள் என்றார். இம்முறை மேடிசன் எடுக்கவில்லை.

நம் கடல் வருவது அதன் 13-ஆம் பிரிவில். கிழக்கிந்தியாவின் பிரிட்டிஷ் துறைகளுக்கு அமெரிக்கக் கப்பல் வரலாம் என்று அது அனுமதித்தது. நிபந்தனைகளும் உண்டு. இங்கே ஏற்றும் சரக்கை அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும், கரையோரத் துறைக்குத் துறை வியாபாரம் செய்யக் கூடாது. அன்று சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிடும். அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தது, கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அதை ஓட்டியவர்கள் உங்கள் முன்னோர்.

சிறைப்பறவை, புழல்: கடிதம் எழுதியதற்காக யாரும் உள்ளே போனார்களா?

போனவர் மேத்யூ லயன், வெர்மான்ட் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர், ஜெபர்சன் அணி. 1798 ஜூலை 14-இன் தேசத்துரோகப் பேச்சுச் சட்டம் அரசையும் காங்கிரசையும் அதிபரையும் பற்றிப் பொய்யாக, கெட்ட எண்ணத்தோடு எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்றது. காப்பாற்றப்பட்டவர் பட்டியலில் துணை அதிபர் மட்டும் இல்லை. அந்தப் பதவியில் இருந்தவர் ஜெபர்சன் என்பதை மறக்க வேண்டாம்.

அதிபர் ஆடம்ஸுக்கு ஆடம்பர மோகமும் முகஸ்துதி ஆசையும் அளவில்லாமல் இருப்பதாக லயன் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எழுதிய தேதி ஜூன் 20, சட்டம் வருமுன். அச்சானது சட்டம் வந்த பிறகு. நீதிமன்றம் 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதித்தது. உள்ளே இருந்தபடியே மறுதேர்தலில் ஜெயித்தார். நமக்கு இது புதிதில்லை, அவர்களுக்குப் புதிது.

இதற்கு ஒரு வால் உண்டு. 1800 தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பிய ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்கு, அதிபருக்கு எது, துணைக்கு எது என்று பிரிக்க வழியில்லை. ஃபெடரலிஸ்டுகள் கவனமாக ஒரு வாக்கை ஜான் ஜேக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் ஆடம்ஸுக்கு 65, அவருக்குத் துணையாக நின்ற பிங்க்னிக்கு 64. ஜெபர்சன் அணியில் அந்த ஒரு வாக்கைக் குறைக்க யாருமில்லை. ஜெபர்சன் 73, அவருக்குத் துணையாக நின்ற ஆரன் பர்ரும் 73. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 16-இல் 9 வேண்டும். ஃபெடரலிஸ்டுகள் பர் பக்கம் நின்றார்கள். 1801 பிப்ரவரி 11 முதல் 35 சுற்று, ஜெபர்சனுக்கு 8-ஐத் தாண்டவில்லை. பர்ரைவிட ஜெபர்சனே மேல் என்று ஹாமில்டன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார், அவற்றில் ஒன்று டெலவேரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்டுக்கு. 17-ஆம் தேதி 36-ஆம் சுற்றில் பேயார்டு பர்ரைக் கைவிட்டார். வெர்மான்டில் லயனோடு மல்லுக்கு நின்ற ஃபெடரலிஸ்ட் ஒதுங்கிக்கொள்ள, மாநிலத்தின் வாக்கு லயன் கைக்கு வந்தது. ஜெபர்சன் 10 மாநிலங்களோடு அதிபரானார். இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்ற 12-ஆம் திருத்தம் 1804-இல் வந்தது.

குறும்புக்காரி, எண்ணூர்: ஒரே ஒரு வார்த்தைக்காகவா ஹாமில்டனை பர் சுட்டார்?

அந்த வார்த்தை ‘இழிவான’. விருந்தில் பர்ரைப் பற்றி ஹாமில்டன் பேசியதை டாக்டர் சார்ல்ஸ் கூப்பர் ஒரு கடிதத்தில் எழுத, அது ஆல்பனி பத்திரிகையில் வந்துவிட்டது. இதைவிட இழிவான கருத்தும் ஹாமில்டன் சொன்னதுண்டு என்று அதில் இருந்தது. 1804 ஜூன் 18 அன்று பர் விளக்கம் கேட்டார். ஹாமில்டனின் பதில் இலக்கண வகுப்பு மாதிரி. இழிவில் எத்தனை தரம் உண்டு, எதைக் கேட்கிறீர்கள் என்றார். ஒரு வரியில் வருத்தம் தெரிவித்திருந்தால் தீர்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். ஜூலை 11 அன்று நியூஜெர்சிக் கரையில் வீஹாகனில் சுட்டுக்கொண்டார்கள். மறுநாள் ஹாமில்டன் இறந்தார்.

முதலாண்டு மாணவி, திருவொற்றியூர்: இந்தக் கடிதங்களை மூலத்தில் படிக்க வழி உண்டா?

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுதியவர், பெற்றவர், தேதி மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். கீழே உள்ள பதிப்பாசிரியர் குறிப்பைத் தவறாமல் படியுங்கள், அனுப்பிய தாளா, வைத்துக்கொண்ட நகலா என்று அதில் இருக்கும். பழைய நகல்கள் ஈரமான மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து அழுத்தி எடுத்தவை. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பதியும், பின்பக்கமிருந்து படிக்க வேண்டும். ஈரம் கூடினால் மை பரவும், குறைந்தால் மங்கும். 1804-லிருந்து ஜெபர்சன் இரண்டு பேனா பூட்டிய ‘பாலிகிராஃப்’ கருவிக்கு மாறினார். வாக்கியத்தை அவர் பெரிய எழுத்தில் தொடங்குவதில்லை, அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள்.

வெளுத்த துணி, புது வண்ணாரப்பேட்டை: ஜெபர்சனும் ஆடம்ஸும் கடைசியில் சமாதானம் ஆனார்களா?

துணியால்தான் ஆனார்கள், அதுவும் இல்லாத துணியால். கம்பெனித் துணியை வெளுத்துக் காயப்போட்ட பேட்டையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம்தான்.

1801-க்குப் பிறகு இருவரும் பேச்சில்லை. இடையில் 1804-இல் ஜெபர்சனின் மகள் இறந்தபோது ஆடம்ஸின் மனைவி அபிகேல் கணவருக்குத் தெரியாமல் ஆறுதல் எழுதினார். சில கடிதங்களிலேயே அது பழைய அரசியல் கணக்குத் தீர்ப்பதாக மாறி நின்றுபோனது. இருவருக்கும் நண்பரான டாக்டர் பெஞ்சமின் ரஷ் இரண்டு பக்கமும் தூது போய்ப் போய், 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் எழுதினார். உங்களுக்கு வீட்டில் நெய்த இரண்டு துணி அனுப்பியிருக்கிறேன் என்று விளையாட்டாகச் சொன்னார். உண்மையில் அது அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் சொற்பொழிவு நூல், இரண்டு பாகம். கடிதம் முன்னால் போய்விட்டது, பார்சல் பின்தங்கியது. ஜெபர்சன் உண்மையான துணி என்றே நம்பிவிட்டார். 21-ஆம் தேதி பதிலில் வர்ஜினியாவில் வீட்டுக்கு வீடு நூல் நூற்பதை விவரித்தார். பஞ்சு, சணல், ஆளிநார் போக, குடும்பத்தில் தலைக்கு ஓர் ஆடு இருந்தால் உடைக்குப் போதும் என்று கணக்கும் சொன்னார். இரண்டு நாளில் புத்தகம் வந்து சேர்ந்தது. 23-ஆம் தேதி இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

பிறகு 14 ஆண்டுகள் எழுதிக்கொண்டார்கள். ஆடம்ஸ் இரண்டு எழுதினால் ஜெபர்சன் ஒன்றுதான். நம் கடிதத்தை வெளியார் பார்த்துவிடக் கூடாது என்ற பழைய பயம் ஜெபர்சனுக்குக் கடைசிவரை போகவில்லை. 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். முந்திக்கொண்டவர் ஜெபர்சன்.